பூசி மறைத்துவிட்டு வாடகைக்கு விடலாமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவரிடமிருந்து வந்த நீண்ட கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, முதலில் சுருக்கமாகத் தருகிறேன்.

தென்சென்னையில், கடற்கரைக்கு நடந்தே போய்வரக்கூடிய ஒரு தெருவில், 1988-இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மொத்தம் 12 வீடுகள். இரண்டாம் தளத்தில் உள்ள தம் வீட்டில், கணவர் இறந்தபின் அவர் தனியாக வசிக்கிறார். படுக்கையறைக் கூரையில் இரண்டு ஆண்டுகளாக ஓதம் படர்ந்து வந்திருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், கட்டிலின் கால்மாட்டில் ஒரு முழ அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. துருவேறிய கம்பிகள் இப்போது வெளியே தெரிகின்றன. சமையலறையை ஒட்டிய தூணில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல் முன்பு நூல்போல இருந்தது; இப்போது அதில் நாணயத்தின் விளிம்பு நுழைகிறது. தரைத்தள வீடு ஒன்றைப் பயிற்சி மையமாக மாற்றியவர், இடத்தைப் பெரிதாக்க நடுச்சுவர் ஒன்றை எடுத்துவிட்டார். சங்கச் செயலாளரோ, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். உரிமையாளர்களில் நான்கு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஏழு வீடுகளில் வாடகைதாரர்கள்.

கட்டிக் கொடுத்தவர்மீது வழக்குத் தொடுக்கலாமா, மேல்வீட்டுக்காரர்தான் செலவை ஏற்க வேண்டுமா, சங்கம் வழிக்கு வரும்வரை பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைக்கலாமா என்று அவர் கேட்கிறார். மாநகராட்சிக்கு எழுதினால் மறுநாளே வந்து சீல் வைத்துவிடுவார்கள் என்றும், வீட்டைக் காலி செய்தால் மனையில் உள்ள பங்கும் கைவிட்டுப் போகும் என்றும் உறவினர்கள் பயமுறுத்துகிறார்களாம். கடைசிப் பத்தியில், தயக்கத்தோடு, இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: “கூரையைப் பூசி வெள்ளையடித்து யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் மகனிடம் போய்விடலாமா என்று தோன்றுகிறது. தனியார் பள்ளியில் வேலை பார்த்ததால் எனக்கு ஓய்வூதியம் இல்லை. வாடகை வந்தால்தான் மருந்துச் செலவுக்கு ஆகும்.”

அன்புள்ள அம்மையாருக்கு,

நான் வழக்கறிஞன், பொறியாளன் அல்லன். கட்டடங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொறியாளர்களின் அறிக்கைகளைப் படித்தும், அவர்களைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டும் கற்றுக்கொண்டவை. அந்த அறிவைக் கொண்டு பார்த்தாலும், உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன என்பது தெரிகிறது. உயிருக்கு உள்ள ஆபத்து ஒன்று. பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பது ஒன்று. இந்தக் கட்டடத்தின் எதிர்காலம் என்ன என்பது மற்றொன்று. மூன்றாவதற்கு உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஒத்துவர வேண்டும், இரண்டாவதற்குச் சங்கம் ஒத்துவர வேண்டும். முதலாவதற்கு உங்களைத் தவிர யாருடைய சம்மதமும் தேவையில்லை. எல்லாரும் கூடி முடிவெடுத்த பிறகுதான் எதையும் செய்ய முடியும் என்று எண்ணி இரண்டு ஆண்டுகளைக் கடத்தியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

இன்றிரவு அந்த அறையில் படுக்காதீர்கள்

திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று, அரசு வாரியம் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி முழுவதுமாகச் சரிந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்த குடியிருப்பாளர்கள், பாத்திரம் பண்டங்களை விட்டுவிட்டு, ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு முன்னதாகவே வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை, பொதுக்குழுவுக்கும் காத்திருக்கவில்லை. இதற்கு நேர்மாறான சம்பவம், அதே ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கடலோர நகரமான சர்ஃப்சைடில் நடந்தது. 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு அது. கான்கிரீட் பெரிய அளவில் பழுதாகியிருப்பதாக 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். செலவு ஒன்றரைக் கோடி டாலர் வரை ஆகும் என்றதும், வீட்டுக்கு எவ்வளவு என்று உரிமையாளர்களுக்குள் வாக்குவாதம் நீண்டது. நள்ளிரவு தாண்டிய வேளையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தபோது 98 பேர் இறந்தார்கள். அங்கே வசதியும் இருந்தது, சங்கமும் இருந்தது, அறிக்கையும் கையில் இருந்தது.

உங்கள் கட்டடம் விழப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கூரையில் கான்கிரீட் பெயர்வது பழைய கட்டடங்களில் பரவலாகக் காணப்படுவதுதான். பெரும்பாலானவற்றை முறையாகச் சீர்செய்ய முடியும். ஆனால் தூணில் நெடுக்காக ஓடும் விரிசல் வேறு வகை. அதுவும் அகலமாகிக்கொண்டே வருகிறது என்றால், கீழே ஒருவர் சுவரை எடுத்திருக்கிறார் என்றால், அதை ஒரு வாரம்கூட ஒத்திப்போடக் கூடாது. எடுக்கப்பட்டது வெறும் தடுப்புச் சுவரா, சுமை தாங்கும் சுவரா, அதனுடன் தூணையும் செதுக்கினார்களா என்பதைப் பொறியாளர்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதுவரை கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். முடிந்தால் நீங்களே சில நாள் மகன் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஓதம் இறங்கும் கூரையில் மின்விசிறிக்கான ஒயர் குழாய் ஓடுகிறது என்றால் அந்த அறையின் மின் இணைப்பை மட்டும் துண்டிக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடித் தொட்டியில் 10,000 லிட்டர் தண்ணீர் நிரம்பினால் அது 10 டன் எடை. பொறியாளர் வந்து பார்க்கும்வரை அதைப் பாதியளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்வதற்குச் சங்கத் தீர்மானம் எதுவும் தேவைப்படாது.

பொறியாளர் என்றால் தெரிந்த மேஸ்திரியோ, பெயிண்ட் கம்பெனி அனுப்பும் ஆளோ அல்லர். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். சுத்தியல்போன்ற கருவியால் கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தட்டிப் பார்ப்பது, ஒலியலைகளைச் செலுத்தி உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று பார்ப்பது, சிறு உருளையாகக் கான்கிரீட்டை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் அதன் வலிமையையும் குளோரைடு அளவையும் சோதிப்பது ஆகியவை வழக்கமான சோதனைகள். இவற்றோடு, உடைத்த கான்கிரீட்டின்மீது பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார்கள். வேதியியல் ஆசிரியையான உங்களுக்குப் பினாப்தலினை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாக மாறும். மாறாத இடத்தில் கம்பிக்கு இயல்பாக இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்லக் காரத்தன்மையைக் குறைக்க, கடற்காற்றின் உப்பு துருப்பிடிப்பதை விரைவுபடுத்த, துருவேறும் இரும்பு தன் பழைய பருமனைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் உப்பி, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. செயலாளர் சொல்லும் பட்டியும் பெயிண்ட்டும் இந்தத் துருவைத் தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த எச்சரிக்கையை மறைப்பது மட்டுமே அவற்றால் நடக்கும்.

வாடகைக்கு விடும் யோசனை

இதைத் தயங்கித்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பணத் தேவை எனக்குப் புரிகிறது. ஆகவே கடிந்துகொள்ளாமல் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வாடகைக்கு விடுபவருக்குத் தெரிந்த, வருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. விற்பனைக்கும் அதே விதி 55-ஆவது பிரிவில் இருக்கிறது. வெளியே தெரியும் கம்பியைப் பூசி மறைப்பதென்பது, தெரியக்கூடிய குறையைத் தெரியாத குறையாக உங்கள் கையாலேயே மாற்றுவதாகும். ஒப்பந்தத்தில் “உள்ளது உள்ளபடி” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று தரகர்கள் சொல்வார்கள். வேண்டுமென்றே மறைத்தவரை அந்த வரி காப்பாற்றும் என்று நம்பி நான் எந்தக் கட்சிக்காரரையும் நீதிமன்றத்துக்கு அனுப்பமாட்டேன்.

நடக்கக் கூடாதது நடந்து, கவனக்குறைவால் ஒருவர் உயிரிழந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க இடம் உண்டு. அந்த வழக்கில், எனக்கு நீங்கள் எழுதிய இந்தக் கடிதமே, உங்களுக்கு முன்பே தெரியும் என்பதைக் காட்டப் போதுமானதாக இருக்கும். தேவை வருமானம்தான் என்றால், பொறியாளர் பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுத்து, பழுதுபார்ப்பும் முடிந்த பிறகு, அந்த அறிக்கையின் நகலைக் காட்டியே வாடகைக்கு விடுங்கள். நல்ல குடித்தனக்காரர்கள் அதைப் பார்த்துப் பின்வாங்குவதில்லை என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்ற ஏழு வீடுகளில் இருக்கும் வாடகைதாரர்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. வீட்டுக்காரர்கள் உடன் இல்லாததால் அவர்களுக்கு எதுவும் எட்டுவதும் இல்லை. தூண் விரிசலைப் பற்றி அவர்களிடமும் சொல்லுங்கள். அந்தத் தூணின்மேல்தான் அவர்களும் தூங்குகிறார்கள்.

யார்மீது எந்தப் பொறுப்பு

கட்டிக் கொடுத்தவர்மீது வழக்கு என்பதை மறந்துவிடுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டமைப்புக் குறைபாட்டுக்குக் கட்டுமான நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது உண்மைதான். ஆனால் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டிய குறைகளுக்கு மட்டுமே. அந்தச் சட்டமே 2016-இல் வந்தது. காலவரையறைச் சட்டப்படியும் உங்கள் வழக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது. இதற்காகச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பொறியாளருக்குப் போக வேண்டிய ரூபாய்.

மேல்வீட்டுக்காரர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவருடைய குளியலறைக் குழாய் கசிந்து ஓதம் இறங்குகிறது என்றால், அந்தக் கசிவை நிறுத்துவதும், அதனால் உங்கள் வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தை ஈடுசெய்வதும் அவர் கடமை. ஆனால் உங்கள் கூரையும் அவர் தரையுமாக இருக்கும் அந்தத் தளம் கட்டடத்தின் சுமையைத் தாங்கும் உறுப்பு. தூண்களும் உத்தரங்களும் அப்படியே. அடித்தளம், தூண், உத்தரம், முதன்மைச் சுவர், மொட்டை மாடி ஆகியவற்றைப் பொதுப்பகுதிகளாகக் கொள்வதே அடுக்குமாடிச் சட்டங்களின் வழி. 36 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் கம்பி துருவேறியதற்கு ஒருவருடைய குழாயை மட்டும் காரணம் காட்டினால், அவர் எதிர்வழக்காடுவார். பழுதுபார்ப்பு இன்னும் தள்ளிப்போகும். அறிக்கை வரட்டும். எது கசிவால் வந்தது, எது வயதால் வந்தது என்று பிரித்து எழுதும்படி பொறியாளரிடம் குறிப்பாகக் கேளுங்கள். செலவைப் பங்கிடும்போது அந்த ஒரு பத்திக்குத்தான் மதிப்பு அதிகம்.

தூண் பழுது சங்கத்தின் பொறுப்பு. அதைச் செயலாளரிடம் மாடிப்படியில் நின்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது. விரிசலின் படங்கள், விழுந்த தேதி, தரைத்தளத்தில் சுவர் எடுக்கப்பட்ட விவரம், 15 நாளுக்குள் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவற்றை எழுதி, பட்டுவாடாச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். 12 உரிமையாளர்களுக்கும் அதன் நகலை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த பிறகு, தெரியாது என்று நிர்வாகிகள் சொல்ல முடியாது. இதுவரை அசையாத பல சங்கங்கள் அந்த ஓர் உறைக்கு அசைந்ததைப் பார்த்திருக்கிறேன். சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்ட எத்தனை உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும் என்பது உங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் இருக்கும். அந்த எண்ணிக்கையைத் திரட்டப் பாருங்கள்.

பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். கோபத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். பாக்கிதாரர் என்று ஒதுக்கி, பொதுக்குழுவில் உங்கள் வாக்கைப் பறிப்பதற்கு வழிசெய்வதும் அதுதான். ஆட்சேபணையுடன் செலுத்துவதாக ஒரு வரி எழுதிச் செலுத்துங்கள்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தீ, புயல், நிலநடுக்கம் போன்ற திடீர் நிகழ்வுகளுக்கானவை அந்தப் பாலிசிகள். நாளடைவில் வரும் தேய்மானமும் கட்டுமானக் குறையும் பொதுவாக அவற்றில் சேராது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

மாநகராட்சிக்கு எழுதினால் என்ன ஆகும்

உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தான கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ, இடிக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் மாநகராட்சி ஆணையருக்கு உண்டு. உடனடி ஆபத்து என்றால் ஆட்களை வெளியேற்றவும் செய்வார்கள். ஆனால் நடைமுறையில், முதலில் பொறியாளர் வந்து பார்ப்பார், அறிவிப்புக் கொடுப்பார்கள், குறிப்பிட்ட நாட்களுக்குள் சான்றோ பழுதுபார்ப்போ கேட்பார்கள். மறுநாளே சீல் வைக்கும் அளவுக்கு அவர்கள் பயப்பட்டால், அம்மா, நீங்களும் பயப்பட வேண்டிய நேரம் அது. தரைத்தளத்தில் குடியிருப்பைப் பயிற்சி மையமாக்கிச் சுவரை எடுத்தது அனுமதியில்லாத மாற்றமாக இருந்தால், அதைத் தடுக்க உங்களுக்கு இருக்கும் வேகமான வழியும் மாநகராட்சிதான். 1913 என்ற எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு மண்டல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகவும் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்குங்கள்.

மாநகராட்சியும் அசையவில்லை என்றால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. விழுந்து பிறருக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள கட்டடத்தைச் சீர்செய்யவோ தாங்கல் கொடுக்கவோ அகற்றவோ செயல்துறை நடுவர், நடைமுறையில் கோட்டாட்சியர், ஆணையிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. மற்றது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பொறியாளரின் அறிக்கையும் மாநகராட்சியின் முத்திரை பதித்த நகலும் இல்லாமல் இரண்டு கதவையும் தட்டிப் பயனில்லை.

வீட்டைக் காலி செய்தால் உரிமை போகும் என்பது முழுத் தவறு. உங்கள் காலத்துப் பத்திரங்களில், பிரிபடாத மனைப் பங்கை மட்டும் கிரயப் பத்திரமாகப் பதிவு செய்து, வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவது வழக்கம். பதிவான அந்த மனைப் பங்கு, நீங்கள் வீட்டில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும், கட்டடம் நின்றாலும் இடிந்தாலும் உங்களுடையதே. பூட்டிய வீட்டுக்குச் சாவி உங்களிடம் இருக்கட்டும், சொத்துவரி உங்கள் பெயரில் கட்டப்படட்டும், வில்லங்கச் சான்று ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள். போதும்.

இடித்துக் கட்டுவது பற்றி

நீங்கள் ஒரு வரிதான் கேட்டிருப்பதால் நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரே ஒருவர் மறுத்தாலும் முடங்கிப்போன விஷயம் இது. 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தோடு மறுகட்டுமானம் செய்ய வழி தருகிறது; உங்கள் குடியிருப்பில் அது 8 பேர். வெளிநாட்டில் இருக்கும் நால்வரும் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் வழியே கையெழுத்திடலாம். ஆனால் அந்த அதிகாரம் குடும்பத்தில் ஒருவருக்குப் போகட்டும், கட்டுமான நிறுவனத்துக்குப் போக வேண்டாம். இடைக்கால வாடகை, முடிக்கும் காலம், தவறினால் ஈடு ஆகியவை இல்லாத, பதிவு செய்யப்படாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள். கட்டடம் ஆபத்து என்ற பயத்தைக் காட்டியே பாதி விலைக்கு மனைப் பங்கைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். பொறியாளரின் அறிக்கை கையில் இருந்தால், பழுதுபார்த்தால் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்பது தெரிந்து பேரம் பேசலாம்.

கூரையிலிருந்து விழுந்த துண்டுகளைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இனி ஏதேனும் விழுந்தால் அப்படிச் செய்ய வேண்டாம். தரையில் கிடக்கும்போதே பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதியையும் விழுந்த அறையையும் எழுதி, பொறியாளர் வரும்வரை எடுத்து வையுங்கள்.